பழைய காருக்கு மெட்டாலிக் பெயிண்ட்: வீட்டிலேயே அடிக்க 30 குறிப்புகள்

சித்தூர், திருப்பதிப் பக்கம் இன்றும் சில வீட்டு வாசல்களில் அம்பாஸடரோ பிரீமியர் பத்மினியோ கவர் போட்டு நிற்கிறது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாஸடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இனி புதிதாக ஒன்று வரப்போவதில்லை என்பதால், இருப்பதை அழகாகக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. பொறுமை இருந்தால் பெயிண்ட் வேலையில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மெட்டாலிக் பெயிண்ட் எந்தக் குறையையும் மறைக்காது, வெளிச்சம் போட்டுக் காட்டும். அதனால் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கும் முன் செய்யும் வேலைதான் பாதிக்கு மேல்.

தொடங்கும் முன்

1. நிறம்: அம்பாஸடர், பத்மினி வண்டிகள் பெரும்பாலும் மினுமினுப்பு இல்லாத பிளெயின் நிறங்களில் வந்தவை. அவற்றின் உருண்டையான உடம்புக்குப் பெரிய அலுமினியச் செதில் உள்ள பளீர் மெட்டாலிக் எடுபடாது. நுண்ணிய செதில் உள்ள அடர் சாம்பல், நடுத்தர நீலம், மெரூன் போன்றவை பொருந்தும். சில்வரும் வெளிர் தங்க நிறமும்தான் அடிக்கக் கடினமானவை; கை கொஞ்சம் தடுமாறினாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். முதல் முறை அடிப்பவர்கள் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

2. ஆர்.சி.: வண்டியின் நிறமும் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டம் ஆகிவிட்டதால், ஏ.பி. 03 என்று சித்தூர் எண் இருந்தாலும் இப்போது உங்கள் முகவரி எந்த மாவட்டத்தில் வருகிறது என்று பார்த்துப் போங்கள். ராணுவ வண்டிகளுக்கு உரிய ஆலிவ் பச்சை நிறத்தைத் தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது.

3. ஐம்பது வயது தாண்டிய வண்டியா? 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தப் பதிவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் மெட்டாலிக் ஆசையை விட்டுவிட்டு, கம்பெனி கொடுத்த பழைய நிறத்தையே திரும்ப அடிப்பதுதான் வண்டிக்கும் மரியாதை, மதிப்புக்கும் பாதுகாப்பு.

4. பருவம்: திருப்பதியில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பெயிண்ட் தகட்டில் விழுந்து பரவுவதற்குள் தின்னர் பறந்து, பரப்பு சொரசொரத்துப் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரக் காற்றில் பெயிண்ட் வெளுத்து மங்கும். ஜனவரிக் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரைதான் நம் பக்கத்துக்கு ஏற்ற காலம். அப்போதும் விடியற்காலைப் பனி தகட்டில் படியும். பனி காய்ந்து, வெயில் ஏறாத காலை 8 முதல் 11 மணி வரை அடியுங்கள்.

5. பெயிண்ட் வாங்கும்போது: பிரைமர், பேஸ் கோட் (நிறப் பூச்சு), கிளியர் (அதன் மேல் போடும் நிறமில்லாப் பூச்சு), ஹார்ட்னர், தின்னர் எல்லாம் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் இருக்கட்டும். கடையில் மெஷினில் கலந்து தரும் ஷேடு ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் கொஞ்சம் மாறலாம். ஆகவே முழு வண்டிக்கும் வேண்டிய பேஸ் கோட்டை ஒரே முறையில் வாங்கி, எல்லா டின்னையும் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். நம் வெப்பத்துக்கு மெதுவாகக் காயும் ஸ்லோ தின்னர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

6. எதை வீட்டில், எதை வெளியே? ஹார்ட்னர் கலக்கும் 2கே கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகை நுரையீரலில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் ஏர்-ஃபெட் மாஸ்க் இல்லையென்றால், 2கே பிரைமர், கிளியர் வேலையை மட்டும் பூத் உள்ள ஷெட்டில் கொடுங்கள். டிங்கரிங்குக்குப் பிந்தைய பட்டி, தேய்ப்பு, மாஸ்கிங், கடைசி பாலிஷ் எல்லாம் வீட்டு வேலை. கூலி கூடுவதும் அந்த வேலைகளில்தான்.

வண்டியைத் தயார் செய்ய

7. கழற்றுங்கள்: பம்பர், கிரில், விளக்கு, கைப்பிடி, குரோம் பீடிங், பெயர் எழுத்து எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். டேப் ஒட்டி மறைப்பதைவிட இதுவே சுத்தம். பீடிங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் துருவும் கண்ணில் படும். கழற்றும் முன் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுங்கள். ஸ்க்ரூக்களைச் சிறு கவர்களில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி வையுங்கள். உடைந்த கிளிப், காணாமல் போன பீடிங் போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம்.

8. துரு: கதவின் அடிப்பக்கம், பின் மட்கார்டின் கீழ் விளிம்பு, டிக்கித் தரை, கூரையோரத் தண்ணீர்க் கால்வாய், கால் வைக்கும் தரை ஆகிய இடங்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகடு போய்விட்டது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு வைக்க வேண்டும். மேல் துருவை வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர் கொடுங்கள். துருவின் மேல் பட்டி போட்டு மூடினால், அடுத்த மழைக்காலத்தில் கொப்புளமாக வெளியே வந்துவிடும்.

9. பழைய பெயிண்ட் எது? இந்த வயது வண்டிகளில் பல சுற்றுப் பெயிண்ட் இருக்கும். ஒளிவான இடத்தில் தின்னர் தோய்த்த வெள்ளைத் துணியால் சில விநாடி தேயுங்கள். நிறம் துணியில் இறங்கினால் அது பழைய டூகோ வகை என்.சி. பெயிண்ட், சுருங்கி நெளிந்தால் எனாமல். இரண்டின் மேலும் நேரடியாகப் புதுப் பெயிண்ட் அடித்தால் கீழ்ப் பூச்சு கிளம்பும். தகடுவரை எடுத்துவிடுவதே நிம்மதி.

10. ஈயம்: வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதியே நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய கார் பெயிண்டில், அதிலும் மஞ்சள், சிவப்பு வகைகளில், ஈயம் இருக்கலாம். எனவே உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்பாமல் வாட்டர் பேப்பரில் நனைத்துத் தேயுங்கள். வெறும் தகடு வந்த இடத்தை உடனே துடைத்துக் காய வையுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தேய்த்த உடுப்பைத் தனியாகத் துவைக்கவும்.

11. பட்டி: பட்டி என்பது பள்ளத்தைச் சமன் செய்ய, தகட்டை உருவாக்க அல்ல. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் டிங்கரிங் இன்னும் முடியவில்லை என்று பொருள். ஹார்ட்னரை அதிகமாகக் கலந்தால் அதன் நிறம் பின்னால் மேல் பெயிண்டில் மஞ்சளாகக் கசியும். 80 எண் பேப்பரில் வடிவம் எடுத்து, 180, 240 என்று போங்கள். கையால் தேய்த்தால் விரல் பதிந்து அலை விழும். கட்டையில் பேப்பரைச் சுற்றிக் குறுக்குச் சாய்வாகத் தேயுங்கள்.

12. கைடு கோட்: பிரைமர் சர்ஃபேசர் காய்ந்ததும் அதன் மேல் கறுப்புப் பெயிண்டை மெல்லிய தூவலாக அடியுங்கள். பிறகு கட்டையால் தேய்த்தால் மேடு உடனே வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு தங்கும். கறுப்பு முழுவதும் போகும்வரை தேய்த்தால் தகடு சமம். கறுப்பு முழுவதும் போகும் முன் தகடு தெரிந்துவிட்டால் நிறுத்தி, அந்த இடத்தில் மறுபடி பிரைமர் கொடுங்கள்.

13. கடைசித் தேய்ப்பு: பிளெயின் நிறத்துக்கு 400, 600 போதும். மெட்டாலிக்குக்கு 800 வரை வாட்டர் பேப்பர் போடுங்கள். கீழே கீறல் இருந்தால் செதில்கள் அதன் வரிசையில் படுத்து, கீறலைக் கோடு கோடாகக் காட்டிவிடும்.

14. தண்ணீரும் வியர்வையும்: பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் கழுவிக் காய விட்டால் வெள்ளை உப்புத் திட்டுகள் தங்கி, பின்னால் பெயிண்ட் கொப்பளிக்கும். கடைசிக் கழுவலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் போதும். அதன் பின் வெறுங்கையால் தொடாதீர்கள். கிரீஸ் எடுக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, ஈரம் காயும் முன் இன்னொரு துணியால் துடையுங்கள். டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் இவற்றின் சிலிகான் துளி பட்டாலும் பெயிண்டில் மீன் கண் போலக் குழி விழும். வேலை முடியும்வரை அவற்றை அந்த இடத்துக்கே கொண்டுவராதீர்கள்.

இடமும் கருவியும்

15. தூசி: நம் செம்மண் தூசிதான் மெட்டாலிக்குக்கு முதல் எதிரி. போர்ட்டிகோவை நாலு பக்கமும் பாலிதீன் ஷீட்டால் மூடுங்கள். பழைய புடவை, திரைச்சீலை வேண்டாம், நூல் உதிரும். தரையைக் கழுவி லேசாக ஈரமாக வையுங்கள், ஆனால் மின்வயர் ஈரத்தில் கிடக்கக் கூடாது. அடிக்கும் முன் ஒட்டும் தன்மையுள்ள டேக் துணியால் மெதுவாகத் துடையுங்கள்.

16. நெருப்பு: தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி தூரத்து நெருப்பையும் எட்டும். பெயிண்ட் அடிக்கும் அன்று சாமி விளக்கு, காஸ் அடுப்பு, கொசுவத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. மின்விசிறியை ஆவியை வெளியே இழுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். மோட்டார் பொறி போதும், பற்றிக்கொள்ளும். ஃபில்டர் துணி கட்டிய விசிறியை வெளியே வைத்து, நல்ல காற்றை உள்ளே தள்ளச் செய்யுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஆவி வெளியேற வழி விடுங்கள்.

17. கம்ப்ரஸர்: டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரில் பாதிக் கதவு அடிப்பதற்குள் அழுத்தம் விழும், மெட்டாலிக்கில் அந்த இடம் தனி நிறமாகத் தெரியும். இரண்டு எச்.பி. மோட்டார், ஐம்பது லிட்டருக்குக் குறையாத டேங்க் இருக்கட்டும். காற்று குறைவாகக் கேட்கும் கன்னாகப் பார்த்து வாங்குங்கள். டேங்கின் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட்டு, குழாயில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் மாட்டுங்கள்.

18. உடம்பு: கைக்குட்டையும் துணி மாஸ்கும் தின்னர் ஆவியைத் தடுக்காது. பேஸ் கோட்டுக்குக் கரிமக் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். மாஸ்க் போட்ட பிறகும் வாசம் வந்தால் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு படியாது.

அடிக்கும் நேரம்

19. மாதிரித் தகடு: வண்டியில் கை வைக்கும் முன், பிரைமர் அடித்த பழைய தகட்டில் பழகுங்கள். அதில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, எத்தனை கோட்டில் அது மறைகிறது என்று பாருங்கள். வண்டிக்கும் அத்தனை கோட் வேண்டும். காய்ந்த தகட்டை வெயிலில் நேராகவும் சாய்வாகவும் பிடித்துப் பார்த்த பிறகே நிறத்தை உறுதி செய்யுங்கள்.

20. கலக்குங்கள்: அலுமினியச் செதில் டின் அடியில் போய் உட்காரும். தட்டையான குச்சியால் அடியிலிருந்து கிளறுங்கள். கன்னில் ஊற்றிய பிறகும் அடிக்கடி குலுக்குங்கள். மெட்டாலிக்குக்கு உரிய கண் அகலமான வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். மிக நெருக்கமான வடிகட்டி செதிலையே பிடித்துக்கொள்ளும்.

21. செதில் எப்படிப் படுக்கிறது? பேஸ் கோட்டின் ரகசியம் இதுதான். குளத்து நீர்மேல் இலைகள் படிவது போல, செதில்கள் தட்டையாக ஒரே சீராகப் படுத்தால் நிறம் பளிச்சென்று ஒன்றாகத் தெரியும். ஒரு இடத்தில் ஈரமாக அதிகம் அடித்தால் செதில்கள் மூழ்கிச் சாய்ந்து அந்த இடம் கறுக்கும். வறட்சியாக அடித்த இடம் வெளுக்கும். வண்டியில் வரி வரியாகத் தெரிவது இந்த ஏற்றத்தாழ்வால்தான். எனவே 1.3 மில்லிமீட்டர் நாசிலில், கன்னைத் தகட்டுக்கு நேராக, 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில், மாறாத வேகத்தில் நகர்த்துங்கள். மணிக்கட்டை வீசாமல் தோளோடு சேர்ந்து நகருங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் முக்கால் பாகத்தை மூடட்டும். தகட்டைத் தாண்டிய பிறகே ட்ரிகரை விடுங்கள்.

22. கதவுகள் நிமிர்ந்தே இருக்கட்டும்: கழற்றிய கதவைத் தரையில் படுக்கவைத்து அடித்தால் செதில் வேறு விதமாகப் படியும், வண்டியில் மாட்டியதும் தனி நிறமாகத் தெரியும். கதவு, மட்கார்டு, பானட் எல்லாவற்றையும் வண்டியில் இருக்கும் நிலையிலேயே ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே நாளில், ஒரே கலவையில், ஒருவர் கையாலேயே அடியுங்கள்.

23. வரிசை: முதலில் கதவு இடுக்கு, பானட் உள்விளிம்பு. பிறகு கூரை, அதன்பின் ஒரு பக்கம், டிக்கி, மறுபக்கம், கடைசியில் பானட். ஒரு தகட்டின் நடுவில் நிறுத்தாதீர்கள். கோட்டுக்குக் கோட் 10 முதல் 15 நிமிடம், ஈரப் பளபளப்பு மங்கும்வரை, விடுங்கள்.

24. டிராப் கோட்: நிறம் முழுவதும் மூடிய பிறகு, அழுத்தத்தைக் குறைத்து, கன்னை 25 முதல் 30 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக ஒரு மெல்லிய தூவல் கொடுங்கள். திட்டுகள் கரைந்து நிறம் ஒன்றாகும். அனுபவமுள்ள பெயிண்டர்கள் தவறாமல் செய்யும் கை இது.

25. பேஸ் கோட்டைத் தேய்க்காதீர்கள்: பூச்சியோ தூசியோ விழுந்தால் ஈரத்தில் கை வைக்காமல் காய விடுங்கள். நுண்ணிய பேப்பரால் அந்தப் புள்ளியை மட்டும் எடுத்து, மேலே மறுபடி பேஸ் கோட் தூவுங்கள். தேய்த்த மெட்டாலிக்கின் மேல் நேராகக் கிளியர் அடித்தால் அந்த இடம் கறையாக நின்றுவிடும். கிளியருக்குப் பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

26. கிளியர்: டின்னில் சொன்ன நேரத்துக்குள் கிளியர் போட வேண்டும், பெரும்பாலான பேஸ் கோட்டுகளுக்கு அது 24 மணி நேரம். ஷெட்டில் கொடுப்பதானால் பேஸ் கோட்டையும் அங்கேயே அடிப்பது நல்லது. வழித் தூசி தப்பும். ஹார்ட்னர் அளவைக் கண்ணால் பார்த்து ஊற்றாமல் அளவுக் கப்பில் அளக்கவும். வெயில் நாளில் கலந்த கிளியர் சீக்கிரம் இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

அடித்த பிறகு

27. பாலிஷ்: கிளியர் நன்றாக இறுகிய பின் 1500, 2000 வாட்டர் பேப்பரில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பை எடுத்து, காம்பவுண்ட் போடுங்கள். விளிம்புகளில் கிளியர் மெல்லியது. அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். மெழுகு பாலிஷை ஒரு மாதம் கழித்துப் போடலாம்.

28. பூஜை: பெயிண்ட் முடிந்த வண்டியைக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு எடுத்துப் போய்ப் பூஜை போடுவது நம் பக்கத்து வழக்கம். இறுகாத கிளியரில் மஞ்சளும் குங்குமமும் கறையாக ஊறிவிடும். பொட்டைக் கண்ணாடியிலும் குரோம் பம்பரிலும் வையுங்கள். கற்பூரத் தட்டைப் பானட்டில் வைக்காமல் கையில் ஏந்திக் காட்டச் சொல்லுங்கள். மாலையைக் கம்பி இல்லாமல் நூலில் கட்டுங்கள். தேங்காய்த் தண்ணீர் தெறித்தால் உடனே கழுவுங்கள்.

29. மாமரத்தடி வேண்டாம்: மாம்பூ காலத்தில் தத்துப்பூச்சி கசியவிடும் தேன்போன்ற பிசின் மரத்தடி வண்டியில் சொட்டும். புதுக் கிளியரில் அது காய்ந்தால் தழும்பு விழும். பறவை எச்சமும் அப்படியே. பார்த்த உடன் நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள். முதல் மாதம் காற்றுப் புகாத கவரும் போடாதீர்கள்.

30. குறித்து வையுங்கள்: கம்பெனி, ஷேடு எண், தின்னர் வகை, நாசில் அளவு, எத்தனை கோட் என்பதை ஒரு தாளில் எழுதி வண்டிக் காகிதங்களோடு வையுங்கள். மீதிப் பேஸ் கோட்டைக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி வையுங்கள். மாதிரித் தகட்டையும் தூக்கிப் போடாதீர்கள். நாளை ஒரு மட்கார்டு உரசினால், எந்தப் பெயிண்டர் வந்தாலும் அதே நிறத்தை அதே கையில் கொண்டுவர இவை மூன்றும் வேண்டும். அழுக்கான தின்னரைச் சாக்கடையில் ஊற்றாமல் தெளிய வைத்து, அடுத்த முறை கன் கழுவப் பயன்படுத்துங்கள்.